தூரிகையில்லா மோட்டார்

மின்னாற்றலைச் சுழற்சியாக மாற்றுவது மோட்டார். பழைய நேர்மின்னோட்ட மோட்டாரில் காந்தம் அசையாது நிற்க, கம்பிச்சுருள் சுழலும். அச்சுருளுடன் சுழலும் திசைமாற்றியின்மீது, தூரிகை எனப்படும் கரித்துண்டுகள் உராய்ந்து மின்னோட்டத்தை அளிக்கும். உராய்வதால் அவை தேயும், தீப்பொறியும் எழும். தேய்ந்தவற்றை மாற்றாவிடில் மோட்டார் நின்றுவிடும்.

இக்குறையை நீக்க, அமைப்பே தலைகீழாக்கப்பட்டது. தூரிகையில்லா மோட்டாரில் சுருள்கள் நிற்க, காந்தம் சுழல்கிறது. ஆயின், மின்னோட்டத்தை உரிய நேரத்தில் மாற்றுவது யார்? அப்பணியைச் செய்வது ஒரு சிறு சில்லு.

காந்தம் எங்குள்ளது என்பதைச் சில்லு முதலில் அறிதல் வேண்டும். 1879-ஆம் ஆண்டில் எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் கண்ட விளைவின் அடிப்படையில் அமைந்த உணரிகள் பல மோட்டார்களில் அதனைத் தெரிவிக்கின்றன. உணரிகள் இல்லாதவற்றில், மின்னோட்டம் பெறாத சுருளில் தோன்றும் மின்னழுத்தமே குறிப்பாகும். அதற்கேற்பச் சில்லு டிரான்சிஸ்டர்களை இயக்கி, சுருள்களுக்கு முறைமாற்றி மின்னோட்டத்தைச் செலுத்தும். காந்தம் அவற்றைத் தொடர்ந்து சுழலும். வேகம் குறையின் சில்லு மின்னோட்டத்தைக் கூட்டும், மிகின் குறைக்கும்.

நான்கு சுழலிகளால் பறக்கும் டிரோனில் ஒரு மோட்டார் முறை தவறினும் ஊர்தி நிலைகுலைந்து வீழக்கூடும். நேரம் தவறி அளித்த மின்னோட்டம் சுழற்சியைத் தடுக்கவும் செய்யும். ஆற்றல் மட்டும் போதாது. அதனைக் காலமறிந்து செலுத்துதல் வேண்டும். அவ்வறிவையே சில்லு மோட்டாருக்கு அளிக்கிறது.