பட்டியலில் பெயர்

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓட்டுப் போடப் பொதுவாகச் சொத்தோ, வரி ரசீதோ, படிப்போ வேண்டும். நிலமும் பள்ளியும் மறுக்கப்பட்ட சேரியில் யார் இவற்றைக் காட்ட முடியும்? 1928இலேயே சைமன் குழுவிடம் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார் அம்பேத்கர். பின்னாளில் அது அரசியலமைப்பின் 326ஆம் பிரிவாயிற்று.

உரிமை சட்டத்தில் இருந்தால் போதாது, பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலத் தேர்தல்களுக்குத் தனித்தனி ஆணையம் என்றது வரைவு அரசியலமைப்பு. 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதற்குத் திருத்தம் கொண்டுவந்தார். சில மாகாணங்களில் இனம், மொழி, பண்பாட்டால் வேறுபட்டவர்களின் பெயர்கள் ஒதுக்கப்படுகின்றன என்பதே அவர் சொன்ன காரணம். அப்படித்தான் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களின் வாக்காளர் பட்டியல் ஒரே ஆணையத்தின் பொறுப்புக்கு வந்தது. சாதியைக் காரணம் காட்டி எவரையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்கிறது 325ஆம் பிரிவு.

இன்று பெயரை நீக்கச் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை, 'குடிபெயர்ந்தவர்' என்ற ஒரு சொல் போதும். செங்கல் சூளைக்குப் போய் ஆறு மாதத்தில் திரும்புகிறவர் குடிபெயர்ந்தவரா? தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே ஒருவர் ஊர்க்காரர் இல்லை என்றாகிவிடாது என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

ஆகவே, வரைவுப் பட்டியல் வந்ததும் அதைத் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். விடுபட்ட ஒவ்வொருவருக்கும் படிவம் 6 எழுதுங்கள். சூளையில் இருப்பவருக்கு அன்றே தகவல் சொல்லுங்கள்.