காலடியில் காயும் மணல்: பேராசிரியர் துரைராஜாவின் பணி

கற்பிட்டிக் கரையில், அலை வந்து திரும்பிய ஈர மணலில் கால் வைத்திருப்பீர்கள். மிதித்த கணத்தில் பாதத்தைச் சுற்றியுள்ள மணல் வெளிறிக் காய்ந்ததுபோல் தெரியும். அமுக்கினால் நீர் வெளியே கசிய வேண்டுமல்லவா? நடப்பது மறுதலை. நெருங்கிப் படிந்திருக்கும் மணல்மணிகள் அசைய வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். ஏறும்போது இடைவெளி பெருகுகிறது. மேலே நின்ற நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் என்ற பொறியியலாளர் 1885இல் இதனை விளக்கினார்.

இளகிய மண்ணின் குணம் வேறு. சுண்டில் கொட்டிய அரிசியைத் தட்டினால் மட்டம் இறங்குவதுபோல, அசைக்க அசைக்க அது சுருங்கும். இந்த விரிதலுக்கும் சுருங்குதலுக்கும் கணக்கெழுதிய மூவரில் ஒருவர் நம் நாட்டுத் தமிழர், பேராசிரியர் அழகையா துரைராஜா.

1934இல் வடமராட்சியில் பிறந்த அவர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1957இல் பொறியியல் பட்டம் பெற்று, ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்டவை களியும் மணலும்.

அவருடைய கேள்வி வீட்டுச் செலவுக் கணக்குப் போன்றது. மண்ணை நசுக்க நாம் செய்யும் வேலை எங்கே போகிறது? ஒரு பங்கு அதன் கனவளவு மாற்றத்தோடு சேர்ந்தது. மறுபங்கு உராய்வில் தீர்ந்துபோகிறது. முதற்பங்கைச் சரியாகக் கணக்கில் எடுத்தால், உராய்வில் தீரும் பங்கு மண்மணிகளை நெருக்கும் அமுக்கத்துக்கு ஏற்ப எளிய ஒழுங்கில் அமைவதை அவருடைய சோதனைகள் காட்டின. 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதிலிருந்து பிறந்தது. அதில் உருவான மாதிரி, கேம்பிரிட்ஜில் ஓடும் ஆற்றின் பெயரால் 'கேம் களி' எனப்பட்டது. ஆற்றுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது நம்மவர் பெயருக்குக் கிடைத்திருக்கலாம்!

களப்பு ஓரத்துச் சேற்று நிலத்தில் வீதி போடும் பொறியியலாளருக்கு இரண்டு கேள்விகள். மண் வழுக்கிச் சரியுமா? சரியாவிட்டாலும் எவ்வளவு தாழும்? முன்பு இவற்றைத் தனித்தனியாகவே கணித்தனர். இரண்டையும் ஒரே கணக்கில் இணைத்ததே அந்த மாதிரியின் பெறுமதி. இன்றும் மண் பொறியியல் படிக்கும் மாணவர் அதனைக் கற்கின்றனர்.

இவ்வளவு செய்தவர் வெளிநாட்டிலேயே தங்கிவிடவில்லை. நாடு திரும்பி, பேராதனையில் பல்லாண்டு கற்பித்து, பொறியியல் பீடாதிபதியாக இரு தடவைகள் இருந்தார். பின்னர் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் தொழினுட்பப் பீடத்துக்குத் தலைமை தாங்கினார். பேராதனைக்குத் தெரிவாகாதவர்களும், தொழில் செய்துகொண்டே படிக்க விரும்பியவர்களும் பொறியியல் கற்கத் திறந்த வாசல் அது. கேம்பிரிட்ஜ் ஆய்வைவிட இதுவே பெரிய பணி என்பது என் எண்ணம்.

1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். போரும் எரிபொருள் தடையும் சூழ்ந்த காலம். 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம்மிடையே பலர். அந்த ஆண்டுகள் எப்படியிருந்தன என்பதை உம்மம்மாவிடம் கேட்டறியலாம். அதே 1990இல் கிளிநொச்சியில் அப்பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் தொடங்கியது. பொறியியல் பீடத்தை அங்கே காண அவர் இருக்கவில்லை. 1994இல், அறுபது வயது நிறையுமுன்பே காலமானார். அந்தப் பீடம் எழ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இப்போது ஒன்று உண்டு.

"பொறியியல் பெண்பிள்ளைக்குச் சரிவருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: இலங்கையின் முதற்பெண் பொறியியலாளராகக் கருதப்படும் பிரேமளா சிவசேகரம் பொறியியல் பீடத்துள் நுழைந்தது 1960இல். கட்டடங்களின் கட்டமைப்பை வடிவமைப்பதே அவர் தொழிலாயிற்று. இன்று அந்த வழியில் போக, சாதாரண தரம் முடிந்ததும் கணிதப் பிரிவைத் தெரிவு செய்ய வேண்டும்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி தவறினாலும், துரைராஜா பணியாற்றிய திறந்த பல்கலைக்கழகத்தில் இன்றும் பொறியியல் பட்டம் படிக்கலாம்.