பிரேக் இல்லாத சைக்கிள்

அன்று சாயங்காலம் காபிக்குப் பால் வைத்திருந்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் சின்ன மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

"அம்மா, இதிலே ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்னடி இது?"

"அண்ணா சைக்கிள் போட்டிம்மா. பதினேழு வயசுக்குள்ளே இருக்கிற பொண்ணுங்களுக்குப் பதினைஞ்சு கிலோமீட்டர். சாதா சைக்கிள் இருந்தாலே போதும். பி.டி. டீச்சர் என் பேரைக் கொடுக்கச் சொன்னாங்க."

பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைக்கிற சாக்கில், "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

சகோதரிகளே, நான் கல்நெஞ்சக்காரி இல்லை. எங்கள் பெரம்பலூர்–அரியலூர் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும். அரியலூர் சுற்று வட்டாரம் முழுவதும் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன. சாலை விபத்து என்று பேப்பரில் படிக்காத மாதம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் அவள் தினம் போய் வருவதற்கே என் வயிறு கலங்கும். தெரு முனையில் மணிச் சத்தம் கேட்கிற வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து கொண்டிருப்பேன்.

பயம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. என் மாமியார், "வயசுப் பொண்ணு காலை அகட்டிக்கிட்டு ரோட்டிலே போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார். "கர்ப்பப்பை எறங்கிடும்" என்றும் சேர்த்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். ஏனென்றால் என் பாட்டி எனக்குச் சொன்னதும் இதே வார்த்தைகள்தான்.

நான் பிறந்தது அரியலூர்ப் பக்கம். ஏழாவது படிக்கும்போது, அண்ணன் வாடகைக்கு எடுத்துவரும் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். முழங்காலில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. பெரியவளானதும் பாட்டி நிறுத்திவிட்டார். அதே சமயத்தில், 1990களின் ஆரம்பத்தில், பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்து, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து ஜில்லாவில் அத்தனை பெண்கள் சைக்கிள் ஏற, நான் மட்டும் இறங்கிவிட்டேன். இன்றைக்கும் ரேஷன் கடைக்குப் போக வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் வந்து வண்டி எடுக்கிற வரை காத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, மகள் தன் நோட்டில் ஒட்டி வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினாள். ஹெல்மெட்டும் இறுக்கமான உடையும் போட்டுக்கொண்டு, சைக்கிள் மேல் குனிந்து பறக்கிற ஒரு பெண். "இவங்க பேரு டெபோரா ஹெரால்ட். நிக்கோபார் தீவும்மா. சுனாமியிலே பிழைச்சவங்க" என்றாள்.

சுனாமி என்ற சொல்லைக் கேட்டதும் கையில் இருந்த வேலை நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. என் மூத்தவள் அப்போது கைக்குழந்தை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிச் செய்திகளைக் கேட்டுவிட்டு, குழந்தையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதே காலையில்தான் கார் நிக்கோபார் தீவையும் கடல் மூழ்கடித்தது.

டெபோரா பிறந்தது 1995 பிப்ரவரியில். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அலையில் சிக்கிய குழந்தை ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, ஐந்தாறு நாட்கள் இலையையும் மரப்பட்டையையும் தின்று உயிர் பிழைத்தாள் என்று பத்திரிகைகள் எழுதின. கூட விளையாடிய தோழிகளைக் கடல் கொண்டுபோய்விட்டது.

ஒன்பது வயசுக் குழந்தை, ஐந்தாறு நாள்! நம் பிள்ளை பள்ளியிலிருந்து அரை மணி தாமதமாக வந்தாலே நமக்கு என்ன ஆகிறது? அப்படித் திரும்பக் கிடைத்த பெண்ணை நானாக இருந்தால் வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண் பதின்வயதிலேயே சைக்கிள் பந்தயத்துக்கு வந்தாள். தீவைவிட்டு, கடல் கடந்து டில்லிக்குப் போய்ப் பயிற்சி பெற்றாள். அவளை அனுப்பி வைத்த வீட்டாரின் மனசை நினைத்துப் பார்த்தேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் இருந்த தாள் என்னைக் குத்திற்று.

அவள் ஓட்டுவது நாம் தெருவில் பார்க்கிற சைக்கிள் இல்லை. டில்லி இந்திரா காந்தி அரங்க வளாகத்தில், 2010 காமன்வெல்த் போட்டிக்காக மரப்பலகையில் ஒரு பந்தயத் தளம் கட்டினார்கள். வெலோட்ரோம் என்று பெயர். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் தளம் 40 டிகிரிக்கு மேல் சுவர் மாதிரி சாய்ந்திருக்கும். மெதுவாகப் போனால் சறுக்கி விழ வேண்டியதுதான். வேகமாகப் போனால்தான் அதில் நிற்கவே முடியும்.

அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் சைக்கிளைப் போலக் காலை நிறுத்திக்கொண்டு 'உருள' முடியாது. மகள் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால் ராத்திரி படுக்கிற வரை நம் காலும் அப்படித்தானே!

டெபோராவின் பந்தயம் 500 மீட்டர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, இரண்டே சுற்று. பக்கத்தில் போட்டிக்கு ஆள் கிடையாது, எதிரி கடிகாரம்தான். அதை 35 விநாடியில் முடித்தால் மணிக்குச் சுமார் 51 கிலோமீட்டர் வேகம் என்று அர்த்தம். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போடுவதற்குள் பந்தயமே முடிந்துவிடும். அந்த 35 விநாடிக்காக வருஷக்கணக்கில் தினமும் காலையிலும் மாலையிலும் பயிற்சி, எடை தூக்குதல், அளந்து சாப்பாடு.

பலன் என்ன தெரியுமா? 2015 டிசம்பரில், சர்வதேச சைக்கிள் சங்கம் வெளியிட்ட 500 மீட்டர் தரவரிசையில் டெபோரா உலகத்தில் 4-ஆம் இடம்! இந்தியப் பெண் ஒருத்தி அந்த இடத்தை எட்டுவாள் என்று யார் நினைத்தார்கள்? உலக சாம்பியன்ஷிப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. 2017-ல் டில்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில், கேரளத்து அலீனா ரெஜியோடு ஜோடி சேர்ந்து வெண்கலம் வாங்கினார். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டிலும் இந்தியாவுக்காக ஓட்டினார்.

ஒலிம்பிக்? அது கைகூடவில்லை. 2024 பாரிஸ் வரை சைக்கிளில் இந்தியப் பெண் ஒருத்திகூட ஒலிம்பிக் போனதில்லை. உலகத்திலேயே பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்தத் தளப் பந்தயத்தை வைத்தது 1988-ல்தான். ஆனால் டெபோரா போட்ட தடத்தில், அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து பையன்கள் வந்தார்கள். எஸோ ஆல்பன் 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2019-ல் அவரும் மணிப்பூர்ப் பையன்களும் சேர்ந்து ஜூனியர் உலக சாம்பியன்களாகவே வந்தார்கள். முதலில் ஒருத்தி போய்க் காட்டினால்தானே பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியும்?

இன்னொரு கதையும் மகள் சொன்னாள். இங்கிலாந்தின் லாரா கென்னி ஒரு மாசம் முன்னதாகப் பிறந்த குழந்தை. பிறக்கும்போதே ஒரு நுரையீரல் சுருங்கியிருந்ததாம். பிறகு ஆஸ்துமா வேறு. அவருடைய அம்மா உடம்பு இளைக்க வேண்டுமென்று சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்க, கூடவே இரண்டு பெண்களும் ஏறினார்கள். அந்த நோஞ்சான் குழந்தை 2012, 2016, 2021 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கினார். ஐந்தாவது தங்கம் வாங்கியபோது அவருக்கு மூணு வயசுப் பையன்! "பாத்தியாம்மா, அவங்க அம்மா முதல்ல ஓட்டினாங்க" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்கா தெரியாது?

மறுநாள் நான் போனது எங்கள் ஊர் லேடி டாக்டரிடம். அத்தை சொன்னதையெல்லாம் கூச்சப்படாமல் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகப் பதில் சொன்னார். சைக்கிள் ஓட்டுவதால் கர்ப்பப்பை இறங்காது. அடுத்தடுத்துப் பிரசவம், பிரசவமான உடனே கனமான வேலை, ஓயாத இருமல், மலச்சிக்கல், வயது இவைதான் அதற்குக் காரணம். பிற்காலத்தில் குழந்தை பிறப்பதற்கும் சைக்கிளால் தடையில்லை. மாதவிலக்கு நாட்களிலும் உடம்புக்கு முடிந்தால் ஓட்டலாம், முடியாவிட்டால் ஓய்வு. "நீங்க பயப்பட வேண்டியது சைக்கிளுக்கு இல்லைம்மா, ரத்தசோகைக்கு" என்றார். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். என் மகளுக்குப் பரிசோதித்ததில் அவளுக்கும் கொஞ்சம் குறைவுதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பந்தயத்துக்கு முன்பே இது தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று ராத்திரி டப்பாவுக்கு அடியிலிருந்து தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மிளகாய்க் கறை படிந்திருந்தது. மகள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாளை மோந்து பார்த்துத் தும்மிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பந்தயம் விடிகாலையில். ரோட்டில் போலீஸ் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். ஆனாலும் அவள் கண்ணுக்கு மறைந்ததும் என் வாய் முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர், "அவ வந்துடுவா, நீ உக்காரு" என்றார். அவரும் உட்காரவில்லை.

முதல் பத்துப் பேர் வந்தார்கள். என் பெண் அதில் இல்லை. பாதி வழியில் செயின் கழன்று, கையாலேயே மாட்டிக்கொண்டு, பதினெட்டாவதாக வந்து சேர்ந்தாள். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. பரிசு கிடையாது. "அடுத்த வருஷம் வயசு தாண்டிடுமேம்மா" என்றுதான் அவளுக்கு வருத்தம். வீட்டுக்கு வந்ததும் அத்தை தாமே வெந்நீர் போட்டு, "காலை நீட்டுடி" என்று உருவிவிட்டார்!

வயசுப் பெண்ணுக்குச் சைக்கிள்: நான் கற்றுக்கொண்டவை

உயரம்: பெடல் அடியில் வரும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலி வரும்.

பாதுகாப்பு: தலைக்கு ஹெல்மெட் அவசியம். பளிச்சென்ற நிறத்தில் உடை. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. லாரி போகிற ரோட்டைத் தவிர்த்துச் சுற்று வழி இருந்தால், ஐந்து நிமிஷம் கூடினாலும் அதுவே நல்லது. லாரிக்கு இடது பக்கம் ஒட்டிப் போகவே கூடாது, டிரைவருக்குத் தெரியாது.

சாப்பாடு: நம் ஊர்க் கம்பும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் இருக்க, டப்பா பானங்கள் எதற்கு? கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம்.

பிரேக்: வாரம் ஒரு முறை பிரேக்கையும் செயினையும் பார்க்கப் பெண்ணுக்கே கற்றுக் கொடுங்கள். என் மகளைப் பந்தயத்தை முடிக்க வைத்தது அந்தப் பழக்கம்தான்.

என் பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. இன்றைக்கும் மணிச் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பயம் என்னோடு இருக்கட்டும், அவள் காலில் கட்டிவிட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு ரகசியம். ஒரு மாசமாக, விடியுமுன் ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மகள் பின்னால் பிடித்துக்கொள்ள நான் சைக்கிள் ஏறுகிறேன். முதல் நாள் விழுந்தேன். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று. போன வாரம் ரேஷன் கடைக்கு நானே போய்ச் சர்க்கரையும் பருப்பும் வாங்கி வந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது டப்பாவுக்கு அடியில் இப்படி ஒரு தாள் கிடக்கிறதா, சகோதரிகளே? எடுத்துப் பாருங்களேன்!