நிறுத்தக் கூடாத காட்டுச்சாலை: டயரில் எந்த வாயு இருக்க வேண்டும்?

புதுடில்லி: அந்தமான் தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்தை (முந்தைய பெயர் போர்ட் பிளேர்) வடக்கே திக்லிபூருடன் இணைக்கும் அந்தமான் டிரங்க் சாலை, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை, ஏறத்தாழ 49 கி.மீ., தூரத்துக்கு, போலீஸ் பாதுகாப்புடன் வாகனங்கள் அணிவகுத்தே செல்ல வேண்டும். வழியில் நிறுத்தத் தடை. அங்கு டயர் பழுதானால், அவதிப்படுவோர் பயணிகள் மட்டுமல்லர். வெளியாரின் நோய்கள் எளிதில் தொற்றக்கூடிய, சில நூறு பேரே உள்ள ஓர் இனத்துக்கும் அது ஆபத்து.

டயரில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்கப் பரிசீலித்து வருவதாக, 2019 ஜூலையில் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரி ராஜ்யசபாவில் தெரிவித்தார். யமுனா விரைவுச்சாலை விபத்துகளையொட்டி எழுந்த யோசனை இது.

விமானம் தந்த பாடம்: 1986 மார்ச் 31ல் மெக்சிகோவில் போயிங் 727 விமானம் ஒன்று விழுந்து, 167 பேர் இறந்தனர். நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பிய டயர், பிரேக் சூட்டில் வெடித்ததே காரணம். இன்று பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில், ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி.

காருக்கு அந்த அளவு சூடு ஏறுவதில்லை. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் தான். அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று ஓராண்டு நடத்திய சோதனையில், 30 பி.எஸ்.ஐ., அழுத்தத்தில் காற்று நிரப்பிய டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ., இழந்தன, நைட்ரஜன் டயர்கள் 2.2 இழந்தன. ஆக, எதை நிரப்பினாலும் அழுத்தத்தைச் சோதிக்காமல் இருக்க முடியாது. மழை மிகுந்த தீவுகளில் கவனிக்க வேண்டியது ஈரம். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீரை வடிக்காவிட்டால், அது டயருக்குள் சென்று சக்கர வளையத்தை அரிக்கும்.

உண்மையான அபாயம்: வெல்டிங் கடையின் ஆக்சிஜனையோ, சமையல் வாயுவையோ டயரில் ஏற்றுவது உயிருக்கே உலை வைக்கும். ஆக்சிஜனில் ரப்பரும் எண்ணெயும் மூர்க்கமாக எரியும். கரியமில வாயுவால் தீ மூளாது. ஆனால், ரப்பர் வழியே விரைவில் கசிந்துவிடும்.

டியூப் இல்லாத டயர், அழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் பழுதுநீக்கும் சாதனம் ஆகியவை உள்ள கார்களுக்கு உபரி டயர் அவசியமில்லை என, 2020 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. பஞ்சர் அடைக்கும் ஸ்பிரே டப்பாக்கள் சிலவற்றில், எரியக்கூடிய புரொபேன், பியூட்டேன் உள்ளன. இவற்றைப் பயன்படுத்திய டயரைப் பிரிக்கும் போது, அதைப் பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லாவிட்டால், ஒரு தீப்பொறி போதும்.

ஜிர்காடாங் கதவு திறக்கும் முன், ஆறிய டயரின் அழுத்தத்தை ஒருமுறை அளப்பதே, எந்த வாயுவையும் விடப் பெரிய பாதுகாப்பு.