தாத்தாவின் ஜிம்னியும் நான் சொன்ன ஒரு பொய்யும்

சனிக்கிழமை காலையில் என் வகுப்புத் தோழர்கள் பூப்பந்து விளையாடவோ பேரங்காடிக்கோ கிளம்புவார்கள். நான் 1986ஆம் ஆண்டில் தயாரான ஒரு சுசுகி ஜிம்னிக்கு அடியில் படுத்திருப்பேன். மாதத்தில் ஒரு வார இறுதியில் காட்டுப் பாதைப் பயணம். மற்ற வார இறுதிகளில் அந்த ஒரு பயணத்துக்கான பராமரிப்பு. “ஓட்டுவதைவிடக் கழற்றுவதுதான் அதிகமாக இருக்கிறதே!” என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். ஒரே ஒரு முறை கழற்றாமல் ஓட்டினேன். அதனால் நஷ்டப்பட்டது நானல்ல, என் அறைத்தோழன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பலாமரத்தடியில் கிடந்த காடி

என் தாத்தா தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். டிராக்டரும் லோரியும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். மலையடிவாரத்தில் இருந்த டுரியான் தோப்புக்குப் போய்வர இந்த ஜிம்னியைப் பழைய விலைக்கு வாங்கினார். முழங்கால் வலி வந்த பிறகு காடி வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் எட்டு ஆண்டுகள் நின்றது. பழைய இரும்பு வாங்குபவரிடம் அம்மா விலைகூடப் பேசிவிட்டார்.

எஸ்பிஎம் தேர்வு முடிந்து பாலிடெக்னிக் இடத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. “காடிய நான் எடுத்துக்கவா தாத்தா?” என்று கேட்டேன்.

“எடுத்துக்க. ஆனா பட்டறைக்கு இழுத்துட்டுப் போகக் கூடாது. நான் நாற்காலியில உட்கார்ந்து சொல்றேன். நீ கழட்டு” என்றார்.

பெட்ரோல் தொட்டியில் துரு, கார்புரேட்டரில் அடைப்பு, நான்கு சக்கரங்களிலும் இறுகிப்போன பிரேக் சிலிண்டர்கள், சேசிஸில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. சேசிஸை ஒட்டவைக்க மட்டும் வெல்டிங் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். மற்றதெல்லாம் தாத்தாவின் வாயும் என் கையும் செய்த வேலை. மூன்று மாதத்தில் இயந்திரம் இருமிக்கொண்டே உயிர்பெற்றது.

சுசுகி நிறுவனம் 1970இல் 360 சிசி இயந்திரத்தோடு முதல் ஜிம்னியை வெளியிட்டது. 1981இல் வந்தது எஸ்ஜே410 என்ற வகை. எங்களுடையது அதுதான். 970 சிசி இயந்திரம். சக்தி ஏறக்குறைய 45 குதிரைத்திறன். இன்றைய மைவியோடு ஒப்பிட்டால் பாதிதான் வரும். பிறகு எப்படிச் சேற்று மேட்டில் ஏறுகிறது?

முதல் காரணம் எடை. வண்டி ஒரு டன்னுக்கும் குறைவு. இரண்டாவது காரணம், கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சிறிய பெட்டி. அதன் நெம்பை 4எல் என்ற இடத்துக்குத் தள்ளினால், நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் இழுவிசை பெருகிப் போய்ச் சேரும். அதே அளவுக்கு வேகம் குறையும். நடக்கும் வேகத்தில், நின்றுவிடாமல், மேட்டை ஏறும். மிதிவண்டியில் மேடு ஏறும்போது பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுகிறோமே, அதே கணக்குதான்.

காட்டுக்குள் கற்ற பாடங்கள்

தாப்பா வட்டாரத்தில் லோரிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் நடத்தும் சிறு குழுவில் சேர்ந்தேன். தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் பழைய பலாக் லோரிப் பாதைகள்தான் எங்கள் களம். அவர் முதல் நாள் சொன்னது இது: “பெர்மிட் இல்லாம உள்ள போறதில்ல. ஒத்தக் காடியா போறதில்ல. ஆத்த நடந்து பாக்காம இறங்குறதில்ல.”

பாதுகாக்கப்பட்ட வனப் பகுதிக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் இதைக் கேட்கிறது. விளையாட்டுக்குப் போனவர்கள் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

டயர் காற்றைக் குறைக்கவும் அங்கேதான் கற்றேன். தார்ச்சாலையில் 26 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரைச் சேற்றில் 16க்கு இறக்கினால், டயர் தரையில் படும் பரப்பு நீளும்; பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பியே ஆகவேண்டும். மறந்துவிட்டு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கலாம். சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கயிறு அறுந்தால் அதன் நுனி சாட்டைபோல் வரும். அதில் இரும்புக் கொக்கி இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் அண்ணன் அடிக்கடி சொல்வார். அந்தப் பாதை நமக்கு வார இறுதி. பூர்வக்குடி மக்களுக்கு அன்றாடச் சாலை. அவர்கள் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் நாம் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளம் தோண்டிவிட்டு வந்துவிடக் கூடாது. அதனால் கனத்த மழை பெய்த மறுநாள் எங்கள் குழு உள்ளே போகாது.

“பாத்தேன் தாத்தா”

இரண்டாம் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. மூன்று இடங்களில் ஆற்றைக் கடந்தோம். ஆழமான இடத்தில் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வண்டியைப் பளபளவென்று கழுவினேன்.

“அச்சு எண்ணெய் பாத்தியா? ஹப்ப கழட்டினியா?” தாத்தா கேட்டார்.

அடுத்த வாரம் எனக்கு இரண்டு இடைநிலைச் சோதனைகள். ஹப்பைக் கழற்றிப் பூட்டினால் அரை நாள் போய்விடும்.

“பாத்தேன் தாத்தா” என்றேன்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது புரியவில்லை. படிவம் நான்கு இயற்பியலில் வாயு விதிகள் படித்திருப்பீர்கள். வெகுதூரம் ஓடிய வண்டியின் ஹப்பும் அச்சும் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடுதான். அப்படியே குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து, அதன் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் தண்ணீர், பழைய ரப்பர் சீல் வழியாக உள்ளே உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் கலந்த கிரீஸ் வெளுத்துப்போய்த் தன் வழுவழுப்பை இழக்கும். பிறகு பேரிங்கின் உருளைகள் துருப்பிடிக்கும். இதெல்லாம் வெளியே தெரியாது. பளபளவென்று கழுவிய வண்டியில் நிச்சயமாகத் தெரியாது.

ஆற்றங்கரையில் நட்ட குச்சி

மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு பயணம். மூன்று வண்டிகள். என் பக்கத்து இருக்கையில் அறைத்தோழன். காட்டுப் பாதைக்கு முதல்முறையாக வந்தான். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அவனுக்குப் பருவத் தேர்வு. “ஞாயிறு மாலை ஆறு மணிக்கெல்லாம் விடுதியில் இருப்போம்” என்று நான்தான் உறுதி கொடுத்து அழைத்துவந்தேன்.

ஞாயிறு மதியம் திரும்பும் வழியில் வலப்பக்க முன்சக்கரத்திலிருந்து ஒரு முனகல். சிறிது தூரத்தில் அது இரும்பை இரும்பு அரைக்கும் சத்தமாக மாறியது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கருகிய வாடை. ஜாக்கி வைத்து ஹப்பைத் திறந்தோம். உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். பேரிங் நொறுங்கிக் கிடந்தது.

அண்ணன் அந்தக் கூழை விரலில் எடுத்துப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மாற்றுப் பேரிங் யாரிடமும் இல்லை. கிடந்த துண்டுகளை எடுத்துவிட்டு, என் வண்டியை ஒதுக்கி நிறுத்தவே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குள் மலைமேல் இடி இடித்தது. மற்ற இரண்டு வண்டிகளில் ஏறி ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. காலையில் அடியில் கிடந்த கல் தெரிந்த ஆறு. இப்போது இலையும் சுள்ளியும் மிதக்கும் பழுப்பு நிறம்.

அண்ணன் தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டார். கால் மணி நேரத்தில் தண்ணீர் குச்சியைத் தாண்டி ஒரு முழம் மேலே ஏறிவிட்டது. நாங்கள் நின்ற இடத்தில் மழைத் தூறல்கூட இல்லை. மேலே பெய்த மழை கீழே வெள்ளமாக வந்து சேர்வதைத்தான் மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். நம் நாட்டு அருவிகளிலும் ஆறுகளிலும் குளிக்கப் போனவர்கள் பலர் அதில் உயிரிழந்திருக்கிறார்கள்.

“ராத்திரி யாரும் கடக்கப்போறதில்ல” என்றார் அண்ணன். கரையைவிட்டு விலகி, மேட்டில் வண்டிகளை நிறுத்தினோம். அங்கே கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. என் நண்பன் வண்டியின் உள்விளக்கு வெளிச்சத்தில் பாடக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அதையும் மூடி வைத்துவிட்டான்.

மறுநாள் காலை 8 மணிக்குத்தான் ஆறு இறங்கியது. அவன் கல்லூரி வாசலை அடைந்தபோது மணி பதினொன்றரை. மருத்துவச் சான்றிதழ் இல்லாததால் மறுதேர்வு கிடைக்கவில்லை. அந்தப் பாடத்தை அவன் அடுத்த பருவத்தில் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. நொறுங்கிய பேரிங்கும் சீலும் வாங்க எனக்கு நூறு வெள்ளிகூட ஆகவில்லை.

ஒரு பயிற்சிப் புத்தகம்

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த அன்று தாத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். “அன்னிக்கே தெரியும். ஹப்ப கழட்டினவன் கை அவ்வளவு சுத்தமா இருக்காது” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். தோட்டத்து டிராக்டர்களுக்கு அவர் எழுதி வைத்த கணக்கு. தேதி, வண்டி எண், என்ன பார்த்தார், என்ன மாற்றினார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவர் கையெழுத்து. “கையெழுத்துப் போடணும்னா, பாக்காம போட மனசு வராது” என்றார்.

இப்போது என் ஜிம்னியிலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. ஆற்றில் இறங்கிய ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நான் செய்பவை இவை. பழைய ஃபோர்வீல் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும்.

வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்து, மறுநாள் முன் அச்சு, பின் அச்சு ஆகியவற்றின் அடித்திருகைச் சற்றே தளர்த்துவேன். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். அதனால் உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வந்தால் இரண்டும் கலந்துவிட்டது என்று பொருள், முழுவதையும் மாற்றிவிடுவேன். கியர் பெட்டிக்கும் இதே சோதனைதான்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சுற்றிவிட்டுக் காதால் கேட்பேன். ஆழமான ஆறு என்றால் ஆட்டம் இல்லாவிட்டாலும் ஹப்பைத் திறந்து, கிரீஸின் நிறத்தைப் பார்ப்பேன். பிரேக் டிரம்மில் சிக்கிய மணலைக் கழுவுவேன். பட்டை ஸ்பிரிங்கிலும் சேசிஸின் உள்மூலைகளிலும் ஒட்டிய சேற்றைத் தண்ணீர் பீய்ச்சி எடுப்பேன். ஈரச் சேறுதான் துருவுக்குத் தீனி. பிறகு புரொப்பல்லர் ஷாஃப்ட் இணைப்புகளுக்குப் புதுக் கிரீஸ்.

கடைசியில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். செய்யாததைச் ‘செய்யவில்லை’ என்றே எழுதுவேன். அப்படி ஒரு வரி இருந்தால் அந்த மாதம் வண்டி காட்டுக்குப் போகாது. தேர்வு வாரங்களில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது.

என் நண்பன் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துத் தேறிவிட்டான். போன மாதம், “நானும் வரட்டுமா?” என்று அவனாகவே கேட்டான். சனிக்கிழமை விடியற்காலை வீட்டு வாசலில் வந்து நின்றான். வண்டியில் ஏறவில்லை.

“அச்சு எண்ணெய் பாத்தியா?” என்று கேட்டான். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா சிரித்துவிட்டார்.

நான் பதில் சொல்லாமல் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தான். மூடிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். அன்று ஆற்றங்கரை வரை போனோம். மேலே மலையில் கருமேகம் திரண்டிருந்தது. கடக்காமல் திரும்பிவிட்டோம். வரும் வழியில் தாப்பாவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்குள் வீடு வந்து சேர்ந்தோம்.