பூட்டு உடையவில்லை, சாவி போகவில்லை; ஆனால் திருடன் உள்ளே!
இணையதளங்களைக் கதிகலக்கிய ஓட்டை: காப்பாற்றியது "கடைசி நம்பர்"

சென்னை, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஜாவாஸ்கிரிப்டை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குத் தினமும் சோறு போடும் சரக்கு "ரியாக்ட்".

இணையதளத்தில் நீங்கள் பார்க்கிற பட்டன், பட்டியல், படம் எல்லாவற்றையும் அடுக்கிக் காட்ட உதவும் தொகுப்பு அது. பேஸ்புக் கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்குத் தயாரித்து, 2013-ல் ஊருக்கே இலவசமாகத் திறந்து விட்டது.

அந்த ரியாக்டில்தான் 2025 டிசம்பரில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது!

10-க்கு 10

2024 டிசம்பர் 5-ந் தேதி ரியாக்டின் 19-ம் பதிப்பு தடபுடலாக வெளிவந்தது. முகப்பு வேலையில் ஒரு பகுதியைப் பார்ப்பவரின் போனில் செய்யாமல், சர்வரிலேயே முடித்து அனுப்பும் வசதி அதில் நிலையாக இடம்பெற்றது. "பக்கம் சீக்கிரம் திறக்குமே" என்று பலரும் மாறினார்கள்.

ஓராண்டு ஆவதற்குள் வந்தது வினை. 2025 நவம்பர் 29-ந் தேதி லாக்லன் டேவிட்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்த வசதியில் இருந்த ஓட்டையைச் சொன்னார். அபாயத்துக்கு மார்க் போடும் கணக்கில் அது வாங்கியது 10-க்கு 10!

அப்படி என்ன ஓட்டை? ஒரு பங்களா வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள்.

"யாருப்பா?"

"பார்சல் வந்திருக்குண்ணே. உள்ளே சீட்டு இருக்கு, அதுல எழுதியிருக்கிறபடி செய்யுங்க."

வாட்ச்மேன் ஆளை விசாரிக்கவில்லை. சீட்டைப் படித்தார், பீரோவைத் திறந்தார்! சர்வரும் அதைத்தான் செய்தது. பாஸ்வேர்டு தேவையில்லை. வெளியிலிருந்து பக்குவமாகக் கட்டிய ஒரே ஒரு பொட்டலம் போதும்.

ஒரு நம்பர் வித்தியாசம்

டிசம்பர் 3-ந் தேதி ஓட்டையை அடைத்த பதிப்புகள் வந்தன: 19.0.1, 19.1.2, 19.2.1.

19.2.0 வைத்திருந்தவர் வீடு, திறந்த வீடு. 19.2.1-க்கு மாறியவர் வீடு, பூட்டிய வீடு. நடுவில் இருந்தது கடைசி நம்பர் ஒன்றுதான்!

ஆனால் அடைப்பு வெளிவந்ததும் ஓட்டை எங்கே என்று திருடர்களுக்கும் தெரிந்து போனது. சில மணி நேரத்திலேயே தாக்குதல் தொடங்கியது. சீனத் தொடர்புள்ள கும்பல்கள் முயன்றதாக அமேசான் நிறுவனம் அறிவித்தது. அடுத்தவர் சர்வரில் புகுந்து, அவர் செலவிலேயே கிரிப்டோ நாணயம் தோண்டிய ஆசாமிகளும் உண்டு.

25 நிமிஷம் திண்டாட்டம்

காவலுக்குப் போனவரே தடுக்கி விழுந்த கதையும் நடந்தது.

ஏராளமான இணையதளங்களுக்குக் காவல் நிற்கும் நிறுவனம் கிளவுட்பிளேர். இந்த ஓட்டையிலிருந்து வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற அது தன் அமைப்பில் மாற்றம் செய்தது. அப்போது உள்ளே ஒளிந்திருந்த பழைய பிழை ஒன்று தலைகாட்டியது.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் 2.17 மணி. பங்குச் சந்தை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஜெரோதா, குரோ போன்ற பங்கு வர்த்தகச் செயலிகள் திணறின. சுமார் 25 நிமிஷம் கழித்துத்தான் நிலைமை சீரானது.

அடைக்க அடைக்க ஓட்டை!

அத்தோடு விட்டதா? இல்லை!

டிசம்பர் 11-ந் தேதி மேலும் இரண்டு ஓட்டைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று சர்வரை முடக்கிப் போடுவது. மற்றொன்று உள்ளே எழுதியிருக்கும் நிரலை வெளியே காட்டுவது. 19.2.2 வந்தது. அதிலும் அடைப்பு முழுசாக இல்லை என்று 19.2.3 வந்தது. 2026 ஜனவரியில் 19.2.4!

"டிசம்பர் 3-லயே மாத்திட்டோம்ல" என்று காலாட்டிக்கொண்டு இருந்தவரும் மறுபடி எழுந்து ஓட வேண்டியதாயிற்று.

"நான் ரியாக்ட் போடலியே" என்று சொல்லித் தப்பவும் முடியாது. நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்ற தொகுப்புகளின் வயிற்றுக்குள்ளும் அதே சரக்குதான். சர்வர் பக்கம் போகாமல், பார்ப்பவரின் பிரவுசரில் மட்டும் ரியாக்டை ஓட்டியவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

நமக்கென்ன?

"இதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாசாரம்" என்கிறீர்களா? உங்கள் கடைக்கு இணையதளம் இருக்கிறதா? வாடிக்கையாளர் விலாசமும் போன் நம்பரும் அதில்தானே இருக்கிறது!

புதுப் பதிப்பு வந்தால் மேளதாளம் முழங்கும். கடைசி நம்பர் மாறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தச் சின்ன நம்பர்தான்.

தளத்தைக் கட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: "தம்பி, கடைசி நம்பர் என்ன? அந்த டிசம்பர்ல நம்ம தளம் அடைக்காம கிடந்துச்சா?"

"கிடந்துச்சு" என்று பதில் வந்தால், ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. சர்வரில் வைத்திருந்த பாஸ்வேர்டு, ரகசியச் சாவி அத்தனையையும் மாற்றச் சொல்லுங்கள்.

திருடன் வந்து போன வீட்டில் பழைய சாவியையே வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?