மீன்தொட்டி வடிகட்டி: தெரிவும் பராமரிப்பும்

பதுளை நகரிலும் ஊவாத் தோட்டங்களிலும் மீன்தொட்டி வைத்திருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். வடிகட்டியை முற்றாகக் கழுவிய சில நாட்களில் மீன்கள் மடிவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் அமோனியா நஞ்சே காரணமாகும்.

மரக்கறிப் பாத்தியில் இட்ட எருவிலிருந்து தோன்றும் அமோனியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றுவனவும் இத்தகைய பற்றீரியாக்களே. இவை வடிகட்டியினுள் இட்ட பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வன. காற்றின்றேல் இவை தொழிற்படா. நீர் தேங்கிய வயலின் அடிமண்ணில் இம்மாற்றம் நிகழாமைக்கும் அதுவே காரணம்.

தெரிவு: நுண்துளைகள் மிகுந்த, நன்கு சுட்ட செங்கற்றுண்டு, பருக்கைக்கல், பெருந்துளைப் பஞ்சு ஆகியன ஏற்றவை. கல்லின்மீது வினாகிரி விட்டு நுரைத்தால், அது சுண்ணக்கல், அதனை விலக்குக.

பராமரிப்பு: புதுத் தொட்டியில் பற்றீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் வரை செல்லும். வெலிமடை, பண்டாரவளை போன்ற குளிர்ந்த இடங்களில் மேலும் தாமதமாகலாம். அதுவரை சில மீன்களையே விட்டு, இரையையும் குறைத்திடுக. குளோரீன் கலந்த குழாய்நீர் பற்றீரியாக்களைக் கொல்லும். ஆதலால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஒருமுறைக்குப் பாதியை மட்டும் இலேசாக அலசுக; மறுபாதியை இரு வாரங்களின் பின் அலசலாம். 2022 இல் நேர்ந்ததுபோல் மின்சாரம் பல மணிநேரம் தடைப்பட்டால், மூடிய வடிகட்டியைத் திறந்து, உள்ளிருப்பவற்றை ஈரம் உலராது காற்றுப்பட வைத்திடுக.

உப்போ மருந்தோ இடாத தொட்டியின் கழிவுநீரை மரக்கறிப் பாத்திக்குப் பாய்ச்சலாம். அதிலுள்ள நைத்திரேற்று பயிருக்கு உணவாகும்.